மூடியில் இருந்த ஊசித்துளை

பிள்ளைகளே, போன கிழமை நான் உங்கள் கராஜுக்கு வந்தபோது, வாங்கி ஆறு மாதமும் ஆகாத ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சட்டத்தைக் கிறைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். இருக்கையைப் பதித்து இறக்க வேண்டுமாம். மட்காட்டைக் கழற்றி எறிய வேண்டுமாம். சைலன்சருக்குள் இருப்பதை உருவிவிட்டால் சத்தம் நாலு ஒழுங்கை தாண்டிக் கேட்குமாம். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்திருப்பீர்கள். பொறாமை இல்லை, வெட்கம். உங்கள் வயதில் நான் வெட்டியதும் துளைத்ததும் கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது வெட்டியதும் அல்ல, துளைத்ததும் அல்ல. இருந்த ஒரு துளையை அடைத்தது.

எண்பத்திமூன்றில் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், நாரந்தனையில் தெருவோரம் ஒரு தகரக் கொட்டில் போட்டுத் தொழிலைத் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் எனக்கு நல்ல பெயர். கம்பனி கொடுத்த கைபிடியை எடுத்துவிட்டு உயரமான கைபிடி போடுவேன். முன் விளக்கை இறக்குவேன். காற்று வடிகட்டியை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று சொல்லி எடுத்தும் விடுவேன். தீவுக் காற்றில் உப்பும் மணலும் கலந்திருப்பதால் அந்த வண்டிகளின் எஞ்சின்கள் இரண்டு வருடத்தில் தேய்ந்து என்னிடமே திரும்பி வந்தன. அதையும் நான் என் கெட்டித்தனத்துக்குக் கிடைத்த வேலை என்றே நினைத்தேன். என் சொந்த மோட்டார் சைக்கிள் மட்டும் எந்த நாளும் பாதி கழற்றிய நிலையில் சாக்கின் மேல் கிடக்கும். மெக்கானிக்கின் வண்டி ஓடி யார் கண்டது?

எங்கள் பகுதியில் ஒரு தனித் தொல்லை இருந்தது. நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கத்தார் மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள், கொண்டுவருவார்கள். காற்றடிக்கும் மாதங்களில் படகின் முகப்பில் அடிக்கிற கடல்தண்ணீர் வண்டியை முழுக்காட்டிவிடும். பெற்றோல் டாங்கிக்குள் தண்ணீர் இறங்கினால் கரையில் ஏறியதும் எஞ்சின் இருமும், பிறகு நிற்கும்.

இந்த முறைப்பாட்டோடு என்னிடம் வந்தவர்களில் ஒருவர் நயினாதீவில் வேலைபார்த்த மருத்துவிச்சி. ஊரெல்லாம் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். சொந்த வீடு எங்களுக்குப் பக்கத்தில் புளியங்கூடலில். கணவர் சவூதிக்குப் போகும்போது விட்டுப்போன ஜப்பான் மோட்டார் சைக்கிளை, வெள்ளைக் கவுணோடு, யார் பார்க்கிறார்கள் என்ற யோசனையே இல்லாமல் ஓட்டித் திரிந்தவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு விளங்காது.

"தம்பி, ரெண்டு தரம் தண்ணி இறங்கிப்போச்சு. பிள்ளைப்பேறு பாக்கப் போறவள் நடுத்தெருவில நிக்க ஏலாது. ஏதாவது செய்யும்" என்றார்.

டாங்கியின் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேற்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை. கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம். பெரிய நகரத்துத் தெருவில் ஓடுவதற்குச் செய்த வண்டி, கம்பனிக்காரனுக்கு எங்கே எங்கள் கடலைத் தெரியப்போகிறது என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். ஈயத்தை உருக்கித் துளையை அடைத்தேன். மூடிக்குள் இருந்த பழைய வாசர், அந்த ரப்பர் வளையம், வெடித்துக் கிடந்தது. சைக்கிள் ரியூப்பில் இரண்டு வாசர் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கினேன். கம்பனிக்காரனுக்கு வராத புத்தி உனக்கு வந்திருக்கிறது என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அதன்பிறகு மிஸ்ஸியின் டாங்கிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நயினாதீவு முழுக்க அவர் சொல்லிவைக்க, படகில் ஏறும் வண்டிக்காரர் ஒவ்வொருவராக வந்தார்கள். மிஸ்ஸியினதோடு பதினொரு மூடிகளை அடைத்தேன். ஒருவரும் குறை சொல்லி வரவில்லை.

இனி நடந்ததைக் கவனமாக வாசியுங்கள்.

எண்பத்தாறில் என் மனைவி சரோவுக்கு முதற்பிள்ளை. நாள் இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு சனிக்கிழமை விடியவே பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது. அன்று சண்டையால், ஆஸ்பத்திரி இருந்த ஊர்காவற்துறைப் பக்கம் பாதை மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. எங்கள் ஊர் மருத்துவிச்சி லீவில் போயிருந்தார். மாமி சரோவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"நிண்டு முழிசாதையும். போய் மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வாரும், கெதியா!"

குறிகட்டுவானுக்கு மீன் ஏற்றப்போன லொறியில் தொற்றிக்கொண்டு போய், அங்கிருந்து முதல் படகில் நயினாதீவில் இறங்கினேன். மிஸ்ஸி விசயத்தைக் கேட்டதும் பையைத் தூக்கினார். பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

"குறிகட்டுவானில இப்ப பஸ் இராது. இதையும் ஏத்துவம். நேற்றுத்தான் டாங்கி நிறைச்சனான்."

படகில் வரும்போது தண்ணீர் நன்றாகவே அடித்தது. அந்த நேரத்திலும் டாங்கியின் மூடியைத் தட்டிக்காட்டி, "ஒரு சொட்டு இறங்காது மிஸ்ஸி" என்றேன். பெருமை அவ்வளவு லேசில் அடங்குகிற சாமான் அல்ல.

குறிகட்டுவானில் இருந்து நாரந்தனை பன்னிரண்டு மைல் இருக்கும். நான் ஓட்ட, மிஸ்ஸி பின்னால் பையோடு இருந்தார். முதல் மூன்று மைல் வண்டி அருமையாக ஓடியது. புங்குடுதீவில் பனங்கூடல் ஒன்றைக் கடக்கும்போது எஞ்சின் இழுவை குறைந்து, இரண்டு தரம் துடித்து நின்றது.

எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், இடைவெளியைச் சரிபார்த்தேன், திரும்பப் போட்டேன். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். உதைத்தேன், எஞ்சின் எடுத்தது. "பிளக்கில கரி" என்று மிஸ்ஸிக்குச் சொன்னேன். அவர் பையோடு ஏறி இருந்தார்.

இரண்டாவது தடவை நின்றது புங்குடுதீவை வேலணையோடு இணைக்கும் கடற்தாம்போதியில் ஏறிக் கொஞ்சத் தூரத்தில். இந்த முறை காபரேற்றரின் அடியில் இருக்கும் திருகாணியைத் திறந்து கொஞ்சம் பெற்றோலை வெளியே விட்டேன். பெற்றோல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. தண்ணீரின் அடையாளமே இல்லை. அதைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. பத்து நிமிடத்துக்குப் பிறகு உதைக்க வண்டி எடுத்தது. "ஊத்தை அடைச்சிருந்தது, இப்ப சரி" என்றேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். நான் செய்த எதுவும் அந்த வண்டியைத் திருத்தவில்லை. சும்மா இருந்திருந்தாலும் அதே பத்து நிமிடத்தில் அது எடுத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் என் கை பட்டபிறகு எடுத்ததால், என் கைதான் எடுக்கவைத்தது என்று நம்பினேன். நம்முடைய தொழிலில் இதைவிடப் பெரிய பள்ளம் கிடையாது. பிழையான வேலையைச் செய்துவிட்டுச் சரியான பலனைக் கண்டவனைத் திருத்தவே முடியாது.

மூன்றாவது தடவை தாம்போதியின் நட்டநடுவில் நின்றது. இரண்டு பக்கமும் கடல். முன்னும் பின்னும் ஒரு வாகனத்தையும் காணவில்லை. வீட்டில் சரோ எப்படி இருக்கிறாளோ என்று நினைத்தவுடன் திருப்புளிக்குக் கை போனது. காபரேற்றரை முழுதாகக் கழற்றுவதற்காக அதை முதலாவது திருகாணியில் வைத்தேன். உள்ளே இருக்கும் ஊசியும் சின்னச் சின்னச் சாமான்களும் அந்தக் காற்றில் கைதவறி விழுந்திருந்தால், அந்த வண்டி அன்று அங்கேதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கழற்றப்போனேன். ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் அழாமல் இருக்கலாம்போல இருந்தது.

"தம்பி, பெற்றோல் வருதோ எண்டு பாத்தனீரோ?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"நேற்றுத்தானே நிறைச்சனீங்கள்!" என்று எரிந்து விழுந்தேன்.

"நிறைச்சனான். வருதோ எண்டுதான் கேக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே அவர் கையை நீட்டி டாங்கியின் மூடியைத் திருகினார். இலேசில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம். டாங்கி காற்றை உள்ளே இழுத்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருப்புளியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். பெற்றோல் கீழே இறங்கவேண்டுமென்றால் அது விட்ட இடத்துக்கு மேலேயிருந்து காற்று வரவேண்டும். காற்று வரும் ஒரே வாசலை நான் ஈயம் வைத்து அடைத்திருந்தேன். நயினாதீவு கையளவு தீவு. அங்கே எந்த ஓட்டமும் ஒன்றிரண்டு மைலுக்கு மேல் போகாது. நிற்கிற நேரத்தில் வாசர் விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுப் புகுந்து பிழையை மறைத்துவிடும். மிஸ்ஸி வீட்டுக்கு ஓடி வந்த நாட்களில் டாங்கி பாதிதான் இருந்திருக்கும்; உள்ளே நிறையக் காற்று இருந்தால் பெற்றோல் இறங்கும். நீண்ட தெருவில் நிறைந்த டாங்கியோடு ஓடும்போதுதான் அது வெளிப்படும். அந்த ஓட்டம், என் பிள்ளை பிறக்கப்போகிற நாளில் வந்தது.

மூடியைச் சட்டைப்பையில் போட்டேன். டாங்கியின் வாயில் என் கைலேஞ்சித் துணியை இலேசாகப் போர்த்தேன். ஒரே உதையில் எஞ்சின் எடுத்தது. பள்ளம் திட்டியில் ஏறும்போதெல்லாம் பெற்றோல் தெறித்து என் தொடை எரிந்தது. வேலணையும் சரவணையும் எப்போது போயின என்று தெரியாது. வண்டி ஒரு தரமும் நிற்கவில்லை.

வீட்டுக்குள் மிஸ்ஸி போன கையோடு கதவைச் சாத்திவிட்டார்கள். நான் முற்றத்தில் நின்றேன். சரோவின் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. பிள்ளை பிறந்தால் அழும் என்று தெரியும். அழுகை கேட்கவில்லை. மாமி "முருகா, முருகா" என்பது மட்டும் கேட்டது. வழியில் கரைந்துபோன அரைமணி நேரத்தை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சின்னச் சத்தம், அதன்பிறகு வீடு அதிர அழுகை.

மிஸ்ஸி வெளியே வந்து கையைக் கழுவினார். "பொம்பிளைப்பிள்ளை. கொடி கழுத்தைச் சுத்தி இருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நான் வந்தும் பிரயோசனம் இல்லை" என்றார்.

மாமி அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். "என்ர மருமேன் மெக்கானிக் எண்டபடியால் வழியில திருத்தித் திருத்திக் கொண்டுவந்து சேத்தவர்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அதை அவருக்கு யார் சொன்னதென்று தெரியவில்லை. நான் மறுக்கவில்லை. மிஸ்ஸி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துவாயால் கையைத் துடைத்தார்.

அடுத்த நாள் அந்த மூடியை இரும்பறுக்கும் வாளால் நடுவே அறுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் மேலே கண்ட துளை நேராக டாங்கிக்குள் போகவில்லை. அது ஒரு சின்ன அறைக்குள் போயிற்று. அந்த அறையின் அடித்தட்டில் இன்னொரு துளை, மேல்துளைக்கு நேரெதிர்ப் பக்கத்தில். அதற்குக் கீழே இன்னொரு தட்டு, இன்னொரு துளை, மறுபடி எதிர்ப்பக்கத்தில். காற்று மூன்று தரம் திரும்பி வளைந்து உள்ளே போகும். மேலேயிருந்து அடிக்கிற தண்ணீருக்கு அந்த வளைவுகளைத் தாண்ட முடியாது. நான் அடைக்காத அதே மாதிரி மூடி ஒன்றை எடுத்து, புது வாசர் போட்டு, வெற்று டாங்கியில் பூட்டி, ஒரு வாளி உப்புத்தண்ணீரை அதன் தலையில் அறைந்து ஊற்றினேன். திறந்து விரலால் தடவினேன். உள்ளே காய்ந்த தகரம்.

தண்ணீர் இறங்கியது அந்தத் துளையால் அல்ல. வெடித்த பழைய வாசரால். ஒரு வாசரை மாற்றியிருந்தால் போதும்.

எனக்கு உடம்பு புல்லரித்தது. கட்டைவிரல் தடிப்புள்ள மூடிக்குள், யாரும் ஒருநாளும் திறந்து பார்க்கப்போகாத இடத்தில், யாரோ ஒருவர் இருந்து யோசித்திருக்கிறார். மழையை யோசித்திருக்கிறார், தண்ணீர் வீசி அடிப்பதை யோசித்திருக்கிறார், வண்டி சரிந்து விழுந்தால் பெற்றோல் கொட்டாமல் இருப்பதையும் யோசித்திருக்கிறார். அவர் குறிகட்டுவானைக் கண்டவரில்லை. ஆனாலும் அங்கே அடிக்கிற தண்ணீருக்கு விடை எழுதி வைத்திருந்தார். நானோ கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் அந்த விடையின் மேல் ஈயத்தை ஊற்றியிருக்கிறேன். கோயில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால்கூட எனக்கு அப்படித் தலை குனிந்ததில்லை. அன்று முழுக்க வேறு வேலை செய்யாமல் அந்த இரண்டு பாதி மூடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னதும் "அப்ப ஒண்டையும் மாத்தக்கூடாதோ?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தொண்ணூறில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் போனபோது நானும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கம் போயிருந்தேன். சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எடுத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட நூற்றுக்கணக்கான வண்டிகளை மாற்றிக் கொடுத்தேன். கம்பனிக்காரர் கண்டால் மயங்கி விழுவார். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் கை வைக்கமுன் இந்தச் சாமானை ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்டேன். பதில் தெரியாத இடத்தைத் தொடவில்லை. கழற்றிய சாமான்களைக் கடதாசியில் சுற்றி, பெயரெழுதி, சொந்தக்காரனிடமே கொடுத்தேன். மாற்றுவதற்கு நியாயம் இருந்தால் மாற்றுங்கள். அந்த நியாயம் பக்கத்துக் கராஜ்காரனை மடக்குவதாக மட்டும் இருக்கக்கூடாது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். மிஸ்ஸியின் வண்டிக்குப் புது மூடி வாங்கிக்கொண்டு நயினாதீவுக்குப் போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன்.

"மூடியைத் திறக்கேக்கை உம்மட முகத்தைப் பாத்தனான். அப்பவே விளங்கிட்டுது" என்றார். புது மூடியை வாங்கிப் பூட்டிக்கொண்டே, "மற்றவைக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டார்.

இன்னும் பத்துப் பேர். ஒவ்வொருவரையும் தேடிப்போனேன். அல்லைப்பிட்டியில் ஒருவர் சிரித்தார். புங்குடுதீவில் ஒருவர் ஏசினார், அதன்பிறகு என்னிடம் வரவே இல்லை. சிலர் வண்டி இடைக்கிடை நிற்பதற்குக் காரணம் தங்கள் ஓட்டம் சரியில்லாதது என்று நினைத்திருந்தார்கள்.

கடைசியாக நெடுந்தீவில் சூசை அண்ணை. மாடு வைத்திருந்தவர். கல்வேலிக்கு உள்ளே பட்டியில் நின்றுகொண்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் மோட்டார் சைக்கிளின் மூடியைக் கழற்றி என் கையில் வைத்தார். ஈயத்தின் நடுவில் ஆணியால் துளைத்த ஒரு துளை இருந்தது.

"நீர் செய்து தந்த கிழமையே நிண்டது. மூடியைத் திறக்கக் காத்து இழுத்தது. அதான் துளைச்சுப்போட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு நான் மூடி அடைத்துக் கொடுத்தது என் மகள் பிறக்க மூன்று மாதத்துக்கு முன்.

"அண்ணை, அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? அடுத்த முறை கரைக்கு வரேக்கை எண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

சூசை அண்ணைக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தீவெல்லாம் உம்மைக் கெட்டிக்கார மெக்கானிக் எண்டு சொல்லுது. உம்மட வேலையில பிழை எண்டு நான் என்னெண்டு தம்பி வந்து சொல்லுறது?"

படகில் திரும்பி வரும்போது அந்த ஒரு வசனம்தான் என் தலைக்குள் நின்றது. எங்கேயோ தூரதேசத்தில் இருந்த ஒருவர் யாரும் கேளாமலே எங்களுக்காக யோசித்து வைத்திருந்தார். பக்கத்துத் தீவில் இருந்த ஒருவருக்குப் பிழை தெரிந்திருந்தும், என் பேருக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறந்திருந்தால் என் பிள்ளை கழுத்தில் கொடியோடு அந்த அரைமணி நேரம் காத்திருந்திருக்காது.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் தொழில் செய்தேன். எந்த வண்டியைத் திருத்திக் கொடுத்தாலும், சொந்தக்காரர் உதைத்து ஏறமுன் கைபிடியைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொல்வேன்.

"ஒரு கிழமை ஓடிப் பாத்திட்டு வாரும். வந்து நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லும்."